கரண்ட் வைத்த வாயும் ஒரு கரண்டித் தேனும்

சென்ற ஆண்டு ஐப்பசியில் என் சித்தப்பாவின் இடது கன்னத்து உட்புறத்தில் மூன்று மாதமாக ஆறாமல் இருந்த புண் புற்றுநோய்தான் என்று சதைப் பரிசோதனையில் உறுதியானது. அவர் பண்ருட்டிக்குத் தெற்கே முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலையையும் சேர்த்து அதே கன்னத்தில் அடக்கிப் பழகியவர். செய்தி ஊருக்குள் பரவிய இரண்டாம் நாள், தூரத்து உறவினர் ஒருவர் கையில் ஒரு பாட்டில் தேனோடு வந்தார். அதைக் கொடுத்தனுப்பிய வியாபாரி அன்று மாலையே போனில் பேசினார். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், வெறும் வயிற்றில் மூன்று வேளையும் ஒரு கரண்டி சாப்பிட்டால் கட்டி தானாகக் கரைந்துவிடும், அதுவரை கத்தி வைக்கவும் வேண்டாம், கரண்ட் வைக்கவும் வேண்டாம் என்பது அவர் சொன்னதன் சாரம். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கரண்ட் வைப்பது' என்றுதான் சொல்வார்கள்.

சித்தப்பா அதை நம்பினார். அவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் தேனின் பலனை அவர் பல ஆண்டுகளாகக் கண்ணால் பார்த்தவர். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபோது, அவருடைய தோப்பில் நிமிர்ந்து நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மறுபடி கன்று வைத்து அது பூக்கத் தொடங்கிய பிறகு, மகரந்தச் சேர்க்கை நன்றாக நடக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அடுக்குத்தேனீ வளர்க்கும் பெட்டிகள் நான்கைத் தோப்போரம் வைத்தார். தீக்காயத்துக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் அந்தத் தேன்தான் எங்கள் குடும்பத்துக்கு மருந்து. இவ்வளவு செய்கிற பொருள் இன்னும் கொஞ்சம் செய்யாதா என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் அந்த எண்ணத்தில் மூன்று வாரம் போயிற்று. முதல் முறை புதுச்சேரி மருத்துவமனைக்குப் போனபோது வாயைத் திறக்கச் சொல்லி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே சித்தப்பாவின் விரல்களையே செங்குத்தாக நுழைக்கச் சொன்னார்கள். மூன்று விரல் நுழைந்தது. பாட்டிலில் பாதி காலியான பிறகு, சித்தியின் அழுகைக்குப் பணிந்து அவர் திரும்பவும் போனபோது இரண்டு விரல்தான் நுழைந்தது. மருத்துவர் கோபப்படவில்லை. தேதியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடைசெய்யும் சட்டம் இந்நாட்டில் 1954-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அந்த வியாபாரி விளம்பரம் எதுவும் செய்யவில்லை, போனில் பேசினார், அவ்வளவே.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓய்வாக இருக்கிறேன். 'தேனில் புற்றுநோயைக் கொல்லும் பொருள் இருக்கிறது என்று விஞ்ஞானமே சொல்கிறதாமே, பாப்பா, நீ படித்தவள்தானே, பொய்யா அது?' என்று சித்தப்பா கேட்டபோது உடனே பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஏனென்றால் அது முழுப்பொய் அல்ல. எனவே சில இரவுகள் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்குத் தெளிவானதை இங்கே எழுதுகிறேன்.

நூறு கிராம் தேனை எடுத்துக்கொண்டால் அதில் ஏறத்தாழ 38 கிராம் ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை, 31 கிராம் குளுக்கோஸ், 17 முதல் 20 கிராம் தண்ணீர், மீதியில் பெரும்பகுதி வேறு சில சர்க்கரைகள். இவை எல்லாம் போக எஞ்சும் சிறு துளியில்தான் நாம் பேசுகிற பொருள்கள் இருக்கின்றன. பூவிலிருந்தும் மகரந்தத்திலிருந்தும், தேனீ மரப்பிசினைக் கொண்டு கூட்டில் பூசும் அரக்கிலிருந்தும் தேனில் வந்து சேரும் ஃபீனாலிக் சேர்மங்கள் அவை. கிரைசின், பினோசெம்ப்ரின், குவர்செடின், கேம்ப்ஃபெரால், கஃபெயிக் அமிலம், காலிக் அமிலம் என்று பட்டியல் நீளும். அவற்றில் கலாங்கின் என்று ஒன்று உண்டு. அது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சித்தரத்தையின் அயல்நாட்டுப் பெயரிலிருந்து பெயர் பெற்றது. குவர்செடினோ வெங்காயத்தில் தேனைவிடப் பன்மடங்கு இருக்கிறது. ஆனால் வெங்காயத்தை யாரும் அழகான பாட்டிலில் அடைத்துப் புற்றுநோய்க்கு விற்பதில்லை.

இந்தச் சேர்மங்கள் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கின்றன என்பது உண்மை. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், நம் நாட்டுக் கடைத்தேனையே எடுத்துப் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்கள்மீது சோதித்திருக்கிறார்கள். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும், பழுதுபட்டால் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்வதற்கான ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1972-இல் அதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். புற்றுநோய்ச் செல் என்பது அந்த ஏற்பாட்டை முடக்கிவிட்டு, சாகாமல் பெருகிக்கொண்டே போகும் செல். தேன்பட்ட செல்களில், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு நிலைகுலைவதையும், பி53 என்னும் காவல் புரதம் கூடுவதையும், காஸ்பேஸ் என்னும் வெட்டு நொதிகள் விழித்துக்கொள்வதையும், அதாவது முடங்கிக் கிடந்த அந்த ஏற்பாடு மறுபடி நடக்கத் தொடங்குவதையும் அவர்கள் கண்டார்கள். மார்பகம், கருப்பைவாய், புரஸ்தகோளம் எனப் பல வகைச் செல்களிலும் பிறர் இதே போன்ற விளைவைப் பார்த்திருக்கிறார்கள். ஆசிரியையாக எனக்கு இது உண்மையாகவே மகிழ்ச்சி தந்த வாசிப்பு.

ஆனால் தட்டுக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குதான், சித்தப்பாவுக்கும் தாளில் போட்டே காட்டினேன். பல சோதனைகளில் செல்களைச் சுற்றியுள்ள திரவத்தில் தேன் நூற்றுக்கு ஒரு பங்கோ அதற்கு மேலோ கலக்கப்படுகிறது. நம் உடலில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு தேன் வேண்டுமென்றால் 50 மில்லி தேன் சிதையாமல் அப்படியே இரத்தத்தில் கலந்து நிற்க வேண்டும். தேன் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனமானது, ஆகவே அது 70 கிராம். அதில் சர்க்கரை மட்டும் 56 கிராம். ஆரோக்கியமான ஒருவரின் மொத்த இரத்தத்தில் எந்நேரமும் இருக்கும் குளுக்கோஸோ ஐந்து கிராமுக்குள்தான். அந்தத் தட்டில் இருந்த தேனின் செறிவை மனித இரத்தத்தில் கொண்டுவந்தால் மொத்தச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். புற்றுநோய்க்கு முன்னால் ஆள் போய்விடுவார். 'அப்போ தட்டில் செத்ததே, சர்க்கரையாலேயே செத்திருக்கலாமே' என்று சித்தப்பா கேட்டார். நல்ல கேள்வி. அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் அதே அளவு சர்க்கரைக் கரைசலையும் இன்னொரு தட்டில் ஊற்றி ஒப்பிடுகிறார்கள். அப்படி ஒப்பிடாத கட்டுரைகளை நான் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

சர்க்கரையை விட்டுவிட்டு கிரைசினை மட்டும் பார்த்தாலும் கதை அதேதான். 2001-இல் ஏழு பேருக்கு 400 மில்லிகிராம் தூய கிரைசினை வாய்வழியாகக் கொடுத்து, எவ்வளவு இரத்தத்தில் சேர்கிறது என்று அளந்தார்கள். நூற்றுக்கு அரைக்கால் பங்கு, கால் பங்கு என்றெல்லாம் எண்ண வேண்டாம். 0.003 முதல் 0.02 விழுக்காடு மட்டுமே சேர்ந்தது. மீதியைக் குடலும் கல்லீரலும் சல்பேட்டாகவும் குளுகுரோனைடாகவும் மாற்றி வெளியே தள்ளிவிட்டன. கசப்பும் நஞ்சுமான இலைதழைச் சேர்மங்களைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே அமைந்த காவல் அது, நல்லது கெட்டது பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, ஒரு கிலோ தேனில் கிரைசின் சில மில்லிகிராம்தான் இருக்கும். அந்த ஏழு பேரும் விழுங்கிய அளவைத் தேனாகவே சாப்பிட வேண்டுமென்றால் பல பத்துக் கிலோ வேண்டும்.

இதைப் படிக்கையில் எனக்கு நித்தியகல்யாணிதான் நினைவுக்கு வந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிற மணல் பாதையோரம் யாரும் நடாமலே பூத்துக் கிடக்கும். சுடுகாட்டுப் பூ என்று என் அம்மா தலையில் வைக்கவிடமாட்டார். அந்தச் செடியிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் பிறந்தன. இன்றும் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு வின்கிரிஸ்டின் கொடுக்கிறார்கள். இயற்கையில் புற்றுநோய்க்கு மருந்தே இல்லை என்று சொல்பவர்களுக்கு நான் இந்தப் பூவைக் காட்டுவேன். நித்தியகல்யாணி இலையை மென்றால் குணமாகும் என்பவர்களுக்கும் இதே பூவைத்தான் காட்டுவேன். மிகப் பெருமளவு காய்ந்த இலையிலிருந்து சில கிராம் மருந்தைப் பிரித்து, தூய்மையாக்கி, மில்லிகிராமில் அளந்து, வாய்வழியாக அல்லாமல் இரத்தநாளம் வழியாக ஏற்றிய பிறகுதான் அது மருந்தாயிற்று. தேனிலுள்ள எந்தச் சேர்மமும் இன்னும் அந்த வழியைக் கடந்து முடிக்கவில்லை.

எலிகளில் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. நியூசிலாந்தின் மனுகா தேனை 2013-இல் அமீரக ஆய்வாளர்கள் எலிகளின் இரத்தநாளத்தில் ஏற்றியபோது தோல் புற்றுக் கட்டியின் வளர்ச்சி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பக்லிடாக்சல் என்னும் புற்றுநோய் மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது அது இன்னும் அதிகம் குறைந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த எலிகள் மருந்தின் நச்சுக்குக் குறைவாகப் பலியாயின. 2024-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தார், மார்பகப் புற்றுச் செல் பதித்த எலிகளில் மனுகா தேனால் கட்டியின் வளர்ச்சி 84 விழுக்காடு குறைந்ததாக வெளியிட்டார்கள். தொடர்ந்து பார்க்க வேண்டிய செய்திதான். எலிக்குப் பலித்து மனிதனுக்குப் பலிக்காத மருந்துகளின் எண்ணிக்கையைத் தெரிந்தவர்கள் அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு வதந்தியும் எங்கள் வீட்டுக்கு வந்தது. சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி, ஆகவே தேன், பழம், சோறு எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று இன்னொரு உறவினர் சொன்னார். புற்றுநோய்ச் செல் குளுக்கோஸை மிகுதியாக எரிக்கிறது என்பதை ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டார். 'பெட்' ஸ்கேன் கட்டியைக் காட்டிக்கொடுப்பதே அந்த இயல்பைக் கொண்டுதான். ஆனால் நாம் இனிப்பை நிறுத்தினால் கல்லீரல் தானே குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் விடும். கட்டி பட்டினி கிடக்காது, நோயாளிதான் மெலிவார். மெலிந்தவருக்குக் கதிர்வீச்சை இடையில் நிறுத்த வேண்டிவரும் என்றுதான் மருத்துவரும் அஞ்சினார்.

மார்கழியில் அறுவை முடிந்தது. தை மாதக் கடைசியில் கரண்ட் வைக்கத் தொடங்கினார்கள், வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரத்தில் 30 தடவை. சித்தியும் சித்தப்பாவும் புதுச்சேரியில் எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு மாடியில் தங்கினார்கள். முகத்தின் அச்செடுத்துச் செய்த வலைமூடி ஒன்றை மேசையோடு சேர்த்து இறுக்கி, தலை அசையாமல் படுக்க வைத்துச் சில நிமிடம் கதிரைச் செலுத்துவார்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. 'சும்மா லைட்டு அடிக்கிறாங்க பாப்பா' என்று சிரித்தார். மூன்றாம் வாரம் கன்னத்தின் உட்புறமும் நாக்கின் ஓரமும் வெந்து வெள்ளையாக உரிந்தன. எச்சில் விழுங்குவதற்கே கண்ணை மூடிக்கொண்டார். இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதிர் புற்றுச் செல்லை மட்டும் பார்த்து அடிப்பதில்லை, விரைவாகப் பெருகும் எல்லாச் செல்லையும் அடிக்கும். வாயின் மெல்லிய உள்தோல் ஒன்றிரண்டு வாரத்துக்கொருமுறை புதுப்பிக்கப்படுவது, எனவே முதலில் அடிபடுவதும் அதுதான்.

அந்த வாரம் மருத்துவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. 'ஐயாவுக்கு சுகர் இருக்கா? இல்லைன்னா வீட்டுல நல்ல தேன் இருக்கா?' என்றார். பாட்டில் தேனுக்காக மூன்று வாரத்தை இழந்துவிட்டு வந்த எங்களுக்கு ஒரு கணம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சித்தப்பா மட்டும் என்னைப் பார்த்தார். பேச முடியாத வாயோடு ஒரு மனிதர் அவ்வளவு வெற்றிப் பெருமிதத்தோடு பார்த்து நான் கண்டதில்லை.

மருத்துவர் சொன்னது புற்றுநோய்க்கு அல்ல, புண்ணுக்கு. மலேசியாவில் 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்ற 40 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மட்டும் 20 மில்லி தேனைக் கதிர்வீச்சுக்குக் கால் மணி முன்பும், கால் மணி பின்பும், ஆறு மணி நேரம் கழித்தும் வாயில் மெல்லச் சுழற்றி விழுங்கச் சொன்னார்கள். கடுமையான புண் தேன் குழுவில் 20 விழுக்காட்டினருக்கும், மற்றக் குழுவில் 75 விழுக்காட்டினருக்கும் வந்தது. எடை குறையாதவர்களும் தேன் குழுவில் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தார்கள். எல்லா ஆய்வும் இப்படி வரவில்லை. மான்செஸ்டரில் 131 பேரை வைத்து நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில் மனுகா தேனுக்கும் சாதாரணச் சர்க்கரைப் பாகுக்கும் வேறுபாடே தெரியவில்லை. இரு குழுவுமே பிசுபிசுப்பான ஓர் இனிப்புப் பாகைத்தான் வாயில் வைத்திருந்தன என்பதால், புண்ணின்மேல் படிந்து காயாமல் காக்கும் அந்தப் பூச்சே பாதி வேலையைச் செய்கிறதோ என்பது என் ஊகம். புற்றுநோய்த் துணைச் சிகிச்சைக்கான பன்னாட்டு வல்லுநர் குழு 2020-இல் வெளியிட்ட நெறிமுறையில், இத்தகைய நோயாளிகளின் வாய்ப்புண்ணைத் தடுக்கத் தேனைப் பயன்படுத்தலாம் என்று அழுத்தமில்லாமல், ஆனால் தெளிவாகவே குறிப்பிட்டிருக்கிறது.

தேன் அங்கே வேலை செய்வதற்குக் காரணம் எளிது. வாயில் அது கல்லீரலைத் தாண்ட வேண்டியதில்லை, புண் இருக்கும் இடத்திலேயே அப்படியே நிற்கிறது. அதன் புளிப்பு கிருமிக்கு ஆகாது. கூட்டில் தேனீ சேர்த்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி, எச்சிலில் தேன் நீர்க்கும்போது விழித்து, சிறுகச் சிறுக ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடுகிறது. தேனைக் கொதிக்க வைத்தால் அந்த நொதி செத்துவிடும். அதனால் சுடுநீரில் கலக்காதே என்று சித்திக்கு நான் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குள் தோப்பில் முந்திரி பூத்து மாசி பிறந்திருந்தது. பெட்டியைத் திறக்க சித்தப்பாவால் வர முடியாததால் பக்கத்துத் தோப்புக்காரரோடு நானும் போனேன். காய்ந்த தேங்காய் மட்டையைப் பற்றவைத்துப் புகை காட்டி, மேலடுக்கின் சட்டம் ஒன்றைத் தூக்கியபோது, ஒரு பக்கம் முழுக்க வெள்ளை மெழுகு மூடியிட்டிருந்தது. மூடாத அறையிலிருந்து எடுக்கக் கூடாது, அதில் தண்ணீர் மிகுதி, புளித்துவிடும் என்றார் அவர். மூடியைக் கத்தியால் சீவி, டிரம்மில் இட்டுச் சுழற்றி, துணியில் வடித்ததில் ஒன்றரைக் கிலோ தேறியது. மருத்துவரிடம் காட்டியபோது, இவருக்குக் கீமோ மருந்து ஏற்றவில்லை, வெள்ளணு எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, அதனால் பரவாயில்லை என்றார். கீமோ பெறுபவர்களில் வெள்ளணு குறைந்தவர்களுக்குப் பச்சைத் தேன் வேண்டாமாம். அதில் உறங்கும் நுண்ணுயிர் வித்துகள் அவர்களுக்கு ஆபத்து. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கக் கூடாது என்பதும் அதே போன்ற காரணத்தால்தான்.

வந்த பாட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மீதிப் பாதி இன்னும் சித்தி வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அது தேன்தானா என்பதே எனக்கு ஐயம். தண்ணீரில் சொட்டினால் கரையக் கூடாது, தீக்குச்சியில் தடவினால் பற்ற வேண்டும், நாய் நக்கக் கூடாது என்னும் வீட்டுச் சோதனைகள் எதுவும் பயன்படாது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வரும் சர்க்கரையைக் கார்பன் ஓரிடத்தான்களின், அதாவது எடை வேறுபடும் கார்பன் அணுக்களின், விகிதத்தால் கண்டுபிடித்துவிடலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் கலப்படக்காரர்கள் அரிசிப் பாகுக்கு மாறினார்கள், ஏனென்றால் நெல்லின் ஒளிச்சேர்க்கை முறை தேனீ நாடும் பூச்செடிகளுடையதைப் போன்றது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-இல் 13 நிறுவனங்களின் தேனை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனைக்கு ஜெர்மனிக்கு அனுப்பியபோது, எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றுதான்.

முப்பதாவது கரண்ட் முடிந்து ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். புண் ஆறியிருந்தது, எடை இரண்டு கிலோவுக்கு மேல் குறையவில்லை. கட்டியைப் பற்றி இன்னும் இரண்டாண்டு காலத்துக்கு, மூன்று மாதத்துக்கொருமுறை வந்து காட்டச் சொன்னார்கள். பக்கத்து அறையில் பல் மருத்துவர் வாயைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். எச்சில் சுரப்பு குறைந்த வாயில் பல் மிக விரைவாகச் சொத்தையாகும், கதிர்பட்ட தாடையில் பல் பிடுங்குவது எலும்புக்கே ஆபத்து என்று விளக்கி, வீட்டில் இனிப்பு எதுவும் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். புண் ஆறியபின் தேனை நிறுத்த வேண்டும், அதுவரையிலும் ஒவ்வொரு முறையும் சமையல் சோடா கலந்த நீரில் கொப்பளிக்க வேண்டும் என்று எங்களிடம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். சித்தப்பா தலையை ஆட்டி இல்லை என்றார். மாடிப்படி இறங்கும்போது என் கையைப் பிடித்து, 'ராத்திரி ஒரே ஒரு கரண்டிதான் பாப்பா, சித்திகிட்ட சொல்லிடாதே' என்றார்.